ஒரு யூனிற்றுக்கான பழி

2016ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் தொடக்கம் ஏழு ஆண்டுகள், மன்னார்த் தீவின் கீரி ஊர்ப் படகு முதலாளி கொன்ஸ்ரன்ரைன் சம்மாட்டியார் போன இடமெல்லாம் கரண்ட் நின்றது. கோயிலுக்குள் கால் வைத்தால் மின்விசிறிகள் நின்றன. தெருவில் நடந்தால் தலைக்கு நேரே இருந்த விளக்கு அணைந்து, அவர் கடந்ததும் எரிந்து, அடுத்தது அணைந்தது. முடிவெட்டப் போனால் மெஷின் பாதித் தலையில் செத்துப்போகும். மீதித் தலைக்குக் கத்தரிக்கோல் தேடவேண்டும். எவ்வளவு தூரத்துக்குக் கரண்ட் நிற்கும் என்பதை முதலில் அளந்தவர் மன்னார் பஜாரில் கடை வைத்திருக்கும் முபீன். தன் ஐஸ்கிறீம் பெட்டியிலிருந்து காலால் ஆறு எட்டு வைத்து எண்ணி, நிலத்தில் வெள்ளைப் பெயின்ரால் ஒரு கோடு கீறிவிட்டு, "சம்மாட்டியார், குறை நினையாதீங்கோ, அந்தக் கோட்டுக்கு அங்கால நிண்டு சொல்லுங்கோ, சாமானை நான் கொண்டந்து தாறன்" என்றார். பிறகு பஜாரில் பல கடைகளுக்கு முன்னால் அந்தக் கோடு வந்தது. நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம், இரண்டு மூன்று இன்னும் அழியாமல் கிடக்கின்றன.

சூனியம் என்றார்கள், சாபம் என்றார்கள். எல்லாம் சும்மா கதை. இது மின்வேலை செய்பவர்களின் சட்டம், அவ்வளவுதான். கீரியில் தையல் தைக்கும் சிசிலியாவின் புருசன் நீக்கிலாஸ் தமிழ்நாட்டு அகதி முகாமில் இருபது வருசம் இருந்து, அங்கே வயரிங் பழகி, 2011இல் பெண்சாதியோடு கீரிக்குத் திரும்பியவன். திரும்பிவந்த சனத்தின் வீடுகளில் முக்கால்வாசிக்கு அவன்தான் கம்பி இழுத்தான். மின்கம்பப் போஸ்ற்றில் ஏறுவதற்கு முன்னர் பெட்டியைத் திறந்து, பீங்கான் பியூஸைக் கழற்றித் தன் சட்டைப் பொக்கற்றில் போட்டுக்கொள்வான். இரண்டு தரம் தட்டிப் பார்ப்பான். அதற்குப் பிறகுதான் ஏணியில் கால் வைப்பான். "ஏறுறவன்ர உயிர் அவன்ர பொக்கற்றில இருக்கோணும், கீழ நிக்கிறவன்ர கையில இருக்கக்கூடாது" என்பது அவன் வாய்ப்பாடு. பியூஸ் பொக்கற்றில் இருக்கும்வரை கீழே எவன் எந்தச் சுவிச்சைத் தட்டினாலும் மேலே கரண்ட் வராது. நேர்மையான மனிதர்கள் கீழே நிற்கும்வரை இந்தச் சட்டம் பிழையாகிப் போனதில்லை.

கொன்ஸ்ரன்ரைனுக்கு ஆறு படகு, கடற்கரையில் ஒரு வளவு, வளவுக்குள் மீன் வைக்கிற ஒரு குளிர் அறை. 2016 ஜூலையில் ஒருநாள், காலை பத்தரை மணிக்கு, உப்புக்காற்றுத் தின்ற கம்பியை மாற்ற நீக்கிலாஸ் அந்த வளவுப் போஸ்ற்றில் ஏறினான். குளிர் அறைக்குள் நண்டும் இறாலும் கொழும்பு லொறிக்குக் காத்திருந்தன. வெயில் ஏற ஏறச் சம்மாட்டியாருக்குப் பொறுக்கவில்லை. முடிஞ்சுதா, முடிஞ்சுதா என்று கீழே நின்று நாலு தரம் கேட்டார். நாலாம் தரம் நீக்கிலாஸ் மேலே இருந்து, "இன்னும் நாப்பது நிமிசம் பொறுங்கோ, சம்மாட்டியார்" என்றான். அதுதான் அவன் கடைசியாகச் சொன்னது. ஆட்கள் ஓடிப்போனபோது அவன் கீழே கிடந்தான். பெட்டியில் பியூஸ் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக, ஓரங்கள் கருகிப்போய் இருந்தது. அடுத்தநாளே சம்மாட்டியார் அந்தப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுப்பெட்டி பூட்டினார். கீரியில் உடையாத சாமானை எவனும் மாற்றுவதில்லை, அதுவும் கொன்ஸ்ரன்ரைன் மாற்றுவதில்லை. மரண விசாரணைக்கு வந்தவர், சொன்னவர்கள் சொன்னதை எழுதினார். சொல்வதற்கு இருந்தவரோ சம்மாட்டியார் ஒருத்தர்தான். கடதாசியில் இப்படி வந்தது: 230 வோல்ற் மின்சாரம் தாக்கி, இறந்தவரின் கவனயீனத்தால். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்தாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த உடுப்புப் பொதியில் சட்டை இருந்தது. சட்டைப் பொக்கற்றில் பியூஸ் இருந்தது. சிசிலியா சட்டையைத் தோய்க்காமல் அலுமாரியில் மாட்டினாள். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு நடந்தபோது கொன்ஸ்ரன்ரைனும் வந்தார். நல்ல கதிரை கொடுத்தார்கள், மின்விசிறிக்குக் கீழே. வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "என்ன செய்யிறது பிள்ளை, அவன் கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்" என்றார். சிசிலியா எழும்பிப்போய் அலுமாரியைத் திறந்தாள். அந்தச் சட்டைப் பொக்கற்றை, அவன் தட்டுவதுபோல, இரண்டு தரம் தட்டினாள். "இந்தப் பியூஸ் இதுக்குள்ள இருக்குமட்டும் உங்களுக்குக் கரண்ட் இல்லை" என்றாள். மின்விசிறி நின்றது. சனம் நிமிர்ந்து பார்த்தது. சம்மாட்டியார் எழும்பி முற்றத்துக்கு இறங்கியதும் அது மறுபடி சுற்றத் தொடங்கியது. பந்தியில் இருந்தவர்கள் சாப்பாட்டைத் தொடர்ந்தார்கள்.

முதல் மாதத்தில் குளிர் அறை போனது. கொன்ஸ்ரன்ரைன் வளவுக்குள் நின்றால் மெஷின் ஓடாது. நிற்காவிட்டால் வேலைக்காரர் நண்டைக் கொண்டுபோவார்கள். ஜெனரேற்றர் வாங்கினார், நின்றது. கூரையில் சூரியத் தகடு போட்டார். அவர் அரிப்பு ஊருக்குப் போய் இருந்த இரண்டு நாளும் அருமையாக வேலை செய்தது. மோட்டார் சைக்கிள் எடுபடவில்லை, பிளக்கிலும் கரண்ட்தானே. படகு எஞ்சினும் அப்படியே. கைபேசி அவர் கையில் வெறும் கண்ணாடித்துண்டு. டோர்ச் எரியாது, மணிக்கூடு ஓடாது, தண்ணீர் மோட்டார் இழுக்காது. பழைய டீசல் லொறி மட்டும் ஆட்கள் தள்ளி விட்டால் ஓடியது. டீசல் எஞ்சின் ஒருக்கால் சுற்றத் தொடங்கினால் கரண்ட் கேளாதாம். ஒரு நாளில் எத்தனை இடத்தில் கரண்ட் எங்களுக்குக் கைகொடுக்கிறது என்பதைக் கீரிச் சனம் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, கொன்ஸ்ரன்ரைனைப் பார்த்துத்தான் படித்தது. பாவம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். சிசிலியா சொல்லவில்லை. அவருடைய வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றுவதைத் தன் வாசலில் நின்று பார்ப்பாள். பார்த்துவிட்டுச் சோறு தின்னப் போவாள். அவளுக்கு நன்றாகப் பசித்தது.

கோயில் பெண்கள் மன்னிக்கச் சொல்லி வந்தார்கள். அவள் கடதாசியை எடுத்துக் காட்டினாள். "மன்னிக்கிறதுக்கு முதல்ல குற்றமெண்டு ஒண்டு இருக்கோணும். இதில குற்றமே இல்லையே. என்ர மனிசன் தன்னைத் தானே கொன்றவராம். நான் ஆரை மன்னிக்கிறது?" அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: பியூஸ் கழற்றிய இடத்தில் செப்புக் கம்பியை நான்தான் வைத்தேன், நீக்கிலாசில் பிழையில்லை என்று கொன்ஸ்ரன்ரைன் தன் வாயால், ஊருக்கு முன்னால் சொல்லவேண்டும். பெண்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

அந்தக் கடதாசியில் இருந்த 230 வோல்ற் என்ற சொல் அவளுக்கு விளங்கவில்லை. நீக்கிலாஸ் அதைப்பற்றி அவளிடம் பேசியதில்லை. வேலையை வீட்டுக்குள் கொண்டுவராத ஆள். 2018இல் யசோதா என்ற விஞ்ஞான ஆசிரியை கீரிப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்தாள். மலைநாட்டிலிருந்து வந்து அடம்பனில் குடியேறிய குடும்பம். தினமும் பஸ்ஸில் வருவாள். சிசிலியா அவளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தாள். அளவெடுக்கும்போது ஒருநாள், கையில் அளவுநாடாவோடு, "ரீச்சர், வோல்ற் எண்டால் என்ன?" என்று கேட்டாள். தள்ளுகிற பலம் என்றாள் யசோதா. அம்பியர்? ஓடுகிற அளவு. வாட்ஸ்? இரண்டையும் பெருக்கினால் வருவது, எவ்வளவு வலுவாக வேலை நடக்கிறது என்பது. யூனிற்? ஆயிரம் வாட்ஸ் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிற். சிசிலியா அளவுநாடாவைத் தோளில் போட்டாள். அவளுடைய தகப்பன் கரைவலைக்காரன். "அப்ப, ரீச்சர், கரைவலை இழுக்கிற மாதிரி. எவ்வளவு பலத்தோட இழுக்கிறது எண்டது வோல்ற். எவ்வளவு கெதியாக் கயிறு கரைக்கு வருது எண்டது அம்பியர். ரெண்டும் சேர்ந்ததுதான் வாட்ஸ். எவ்வளவு நேரம் இழுத்ததோ, அதையும் சேர்த்துக் கடைசியில கரையில கிடக்கிற முழு மீன்பாடும் யூனிற்." யசோதா தன் வாழ்நாளில் கரைவலை இழுத்தவளில்லை. பஸ்ஸில் போகும்போது கணக்குப் போட்டுப் பார்த்தாள். அடுத்தநாள் வந்து, "சரிதான் அக்கா, ஒரு பிழையுமில்லை" என்றாள். இன்றைக்கும் கீரியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அப்படித்தான் படிக்கிறார்கள்.

படிப்பு அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சிசிலியா இரண்டு கேள்வி கேட்டாள். ஒரு மனிசனைக் கொல்ல எத்தனை அம்பியர் வேணும்? யசோதா சொல்லத் தயங்கினாள். பிறகு சொன்னாள்: ஒரு அம்பியரில் பத்தில் ஒரு பங்கு போதும், நெஞ்சுக்குள்ளால் போனால். அதில் எது எரியும்? இருபத்தைந்து வாட்ஸ் பல்ப் ஒன்று எரியும், வாசலில் போடுகிற சின்ன மஞ்சள் பல்ப். இரண்டாவது கேள்வி: குளிர் அறை மெஷினில் ஆயிரத்து ஐந்நூறு வாட்ஸ் என்று தகட்டில் போட்டிருக்கிறது, அது நாற்பது நிமிடத்துக்கு எத்தனை யூனிற்? யசோதா வாயாலேயே கணக்குப் பார்த்தாள். ஒரு யூனிற், அக்கா. சரியா ஒண்டு. சிசிலியா தையல் மெஷினை நிறுத்தினாள். ஒரு யூனிற். இரண்டு நாள் அயர்ன் போட்டால் முடிகிற சாமான். ஒரு யூனிற்றைப் பொறுக்க ஏலாமல் என்ர மனிசனைக் கொன்றவன் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு அவள் அழுதது அன்றைக்குத்தான். அழுது முடித்து முகம் கழுவிவிட்டு, யசோதாவின் சட்டைக்குக் கைவைத்துத் தைத்து முடித்தாள். அதற்குமுன் அவளுக்கு இருந்தது வெறும் ஆத்திரம். அன்றிலிருந்து அதற்கு அளவு வந்துவிட்டது.

வருசங்கள் போயின. 2019இல் கொன்ஸ்ரன்ரைனின் ஒரே மகள் டினோஜாவுக்குக் கலியாணம். மண்டபத்தில் மின்விசிறி, பாட்டுப் பெட்டி, வீடியோ எல்லாம் இருந்ததால் தகப்பனை வெளியே தெருவில் கதிரை போட்டு இருத்தினார்கள். படம் எடுக்கிறவன் கிட்ட வந்ததும் கமரா அணைந்தது. அந்த அல்பத்தில் மாமன், மச்சான், ஒன்றுவிட்ட சித்தப்பா, சமைக்க வந்தவன்கூட இருக்கிறான், தகப்பன் இல்லை. பெண் காரில் ஏறும்போது அவர் ஆறு எட்டுக்கு அப்பால் நின்று கையைக் காட்டினார், கார் ஸ்ராட் ஆகவேண்டுமே. அடுத்த ஆண்டு தீவின் தென்கரையில் கரண்ட் எடுக்கும் பென்னம்பெரிய காற்றாடிகளை நட்டார்கள். அவற்றுக்குக் கீழே நடந்துபோனால் தன் தலைவிதி மாறுமோ என்று ஒருநாள் போய்ப் பார்த்தார். நல்ல காற்றடித்த நாள். அவர் நின்ற இடத்துக் காற்றாடி மட்டும் நின்றது. காவல்காரன் மரியாதையாகக் கூட்டிக்கொண்டுவந்து றோட்டில் விட்டான்.

2022ஆம் ஆண்டை அவர் மறக்கமாட்டார். நாடு முழுக்கக் கரண்ட் இல்லாத காலம். ஒருநாளில் பத்து, பதின்மூன்று மணித்தியாலம் இருட்டு. ஊரே மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றபோது, கொன்ஸ்ரன்ரைன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பஜாருக்குப் போனார். கோட்டைத் தாண்டி முபீனின் கடைக்குள் நின்று கதைத்தார். "இப்ப எல்லாரும் கொன்ஸ்ரன்ரைன்தான்" என்று பகிடி விட்டார், சனமும் சிரித்தது. அந்த நாலைந்து மாதமும் சிசிலியா வெந்தாள். தான் அளந்து போட்ட இருட்டை நாடே பங்குபோட்டுக் கொண்டதில் அவளுக்குத் தண்டனையே காணாமற் போய்விட்டது. பிறகு வெளிச்சம் திரும்பி வந்தது, எல்லாருக்கும், ஒருவரைத் தவிர. உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும். முபீன் கோட்டுக்குப் புதுப் பெயின்ர் அடித்தார்.

2023 தொடக்கத்தில் சம்மாட்டியாருக்கு நெஞ்சு நோகத் தொடங்கியது. பெரியாஸ்பத்திரியில் இருதயத் துடிப்பைக் கோடாகக் கீறிக் காட்டுகிற மெஷினைப் பூட்டினார்கள், மெஷின் அணைந்தது. வேறு மெஷின் கொண்டுவந்தார்கள், அதுவும் அணைந்தது. பக்கத்துக் கட்டில் நோயாளியின் ஒட்சிசன் மெஷினும் அணைந்ததால் கட்டிலோடு தள்ளிக்கொண்டுபோய் வேப்பமரத்துக்குக் கீழே விட்டார்கள். டொக்டர் நல்ல மனிதர். "ஐயா, உங்கட இருதயத்தைப் பாக்காமல் நான் என்ன மருந்து எழுதுறது?" என்றார். கொழும்புக்கும் டீசல் லொறியில் நின்றபடி போய்வந்தார். அங்கே லிப்ற்றுக்குள் ஒரு மணித்தியாலம் அடைபட்டுக் கிடந்ததுதான் மிச்சம். இதைக் கேள்விப்பட்ட யசோதா, இருதயமும் கரண்டில்தான் துடிக்கிறது, நெஞ்சுத் தோலில் அளந்தால் ஒரு வோல்ற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று சிசிலியாவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். சிசிலியா அலுமாரியைப் பார்த்தாள். யசோதா பயந்துபோனாள். "பயப்பிடாதீங்கோ ரீச்சர்" என்றாள் சிசிலியா, "செத்தவன் வாய் திறக்கான். எனக்கு அந்தாள்ர வாய் வேணும்."

வாய் தானாக வந்தது. ஒரு பகல் கொன்ஸ்ரன்ரைன் வாசல் படலையில் நின்று கூப்பிட்டார். உள்ளே மின்விசிறி நின்றதால் யார் வந்திருப்பது என்று அவளுக்குத் தெரியும். இரண்டு படகு எழுதித் தருகிறேன் என்றார். வேண்டாம். குளிர் அறையைத் தருகிறேன். வேண்டாம். பங்குச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் எப்போதோ சொல்லிவிட்டேன், கடவுள் மன்னித்துவிட்டார் என்றார். "கடவுளுக்குச் சொன்னது கடவுளோட. கடதாசியில கடவுளா பொய் எழுதினது? ஊருக்குச் சொல்லுங்கோ. பெருநாள் பூசைக்கு ஊர் முழுக்க வரும். அங்க சொல்லுங்கோ." அவர் படலையைப் பிடித்தார். "சொன்னால் விடுவியா?" என்று கேட்டார். "அளந்து விடுவன்" என்றாள்.

பெருநாள் பூசை காலையில், கோயில் முற்றத்துப் பந்தலில் நடந்தது. தாழ்வுப்பாடு, பேசாலை ஊர்ச் சனமும் வந்திருந்தது. பூசை முடிந்து சுவாமி கையைக் காட்ட, கொன்ஸ்ரன்ரைன் மைக்குக்குக் கிட்ட வந்தார். மைக் செத்தது. பாட்டுக்காரரின் பெட்டியும் செத்தது. மெல்லிய குரலில் என்னவோ சொன்னார். கடைசி வரிசை வாங்கில் இருந்த சிசிலியா எழும்பி, "கேக்கேல்லை" என்றாள். இன்னொரு தரம் சொன்னார், முன் நாலு வரிசைக்குக் கேட்டிருக்கும். "கேக்கேல்லை, சம்மாட்டியார்." மூன்றாம் தரம் அந்த மனிதர், நெஞ்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, படகைக் கூப்பிடுகிற குரலில் கத்தினார். "நாப்பது நிமிசம் பொறுக்கச் சொன்னவன். நான் பொறுக்கேல்லை. வெறும் ஓட்டைக்குள்ள செப்புக் கம்பியை வைச்சது நான். கழட்டி ஒளிச்சதும் நான். அவன்ர பியூஸ் அவன்ர பொக்கற்றிலதான் இருந்தது. நீக்கிலாசில ஒரு பிழையுமில்லை!" கடற்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது. சிசிலியா, "இப்ப கேட்டது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஏழு வருசத்தில் முதல்தரமாகப் புருசனின் பெயரைச் சொல்லிச் சத்தம்போட்டு அழுதாள். பக்கத்தில் இருந்த பெண்களும் சேர்ந்து அழுதார்கள். செய்தியைக் காவல்துறைக்கும் சொன்னார்கள், கடதாசியைத் திருத்தும் வழக்கு மன்னாரில் இன்னும் நடக்கிறது. ஊர் அதற்குக் காத்திருக்கவில்லை. ஊரின் வாயில் அது அன்றைக்கே திருத்தப்பட்டுவிட்டது.

எல்லாரும் அவள் பியூஸை அப்படியே கொடுத்துவிடுவாள் என்று நினைத்தார்கள். சுவாமியும் நினைத்தார், முகம் மலர்ந்திருந்தது. அவள் கைப்பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த அந்தச் சட்டையின் பொக்கற்றிலிருந்து பியூஸை எடுத்தாள். உள்ளே இருந்த பழைய கம்பியைக் கழற்றி, தலைமயிர் அளவு மெல்லிய ஒற்றை இழையை அதில் பூட்டினாள். அதை முதல்நாளே யசோதாவோடு இருந்து தெரிந்தெடுத்து வைத்திருந்தாள். யசோதா அப்போது கேட்டிருந்தாள், முழுசா விட்டால் என்ன அக்கா என்று. "முழுசா எடுத்தவனுக்கு முழுசா விட ஏலுமோ?" விஞ்ஞானப்படி பார்த்தால் அந்த இழை ஒரு அம்பியருக்கு மேலேயே தாங்கவேண்டும் என்கிறாள் யசோதா. கொன்ஸ்ரன்ரைனுக்கு அதற்குள்ளால் போவது அம்பியரில் பத்தில் ஒரு பங்கு மட்டும், ஒரு மனிசனைக் கொல்லப் போதுமான அந்த அளவு. ஏன் என்று அவளுக்குத் தெரியாது, தேடவும் இல்லை.

அவர் அதை அவள் கையிலிருந்து வாங்கிக் கொண்டுபோய்த் தன் வீட்டுப் பெட்டியில் போட்டார். வாசலில் இருபத்தைந்து வாட்ஸ் பல்ப் ஒன்று எரிந்தது. சந்தோசத்தில் மின்விசிறியையும் போட்டார், இரண்டும் நின்றன. மின்விசிறியை நிறுத்தினார், பல்ப் எரிந்தது. தடித்த கம்பி மாற்றிப் பார்த்தார். பழைய இருட்டு வந்தது. மெல்லிய இழையையே திரும்பப் பூட்டினார். அவர் போன இடமெல்லாம் அந்த இருபத்தைந்து வாட்ஸ்தான் ஓடியது; ஆஸ்பத்திரி மெஷின் இருபது வாட்ஸ்தான் எடுக்கும் என்பதால் டொக்டர் மற்ற விளக்குகளை நிறுத்திவிட்டு அவருடைய இருதயத்தைப் பார்த்து மருந்து எழுதினார். மருந்தோடு நன்றாக இருக்கிறார். டினோஜாவின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது அவர் கதிரைக்கு மேலே ஒரு சின்ன மஞ்சள் பல்ப் தொங்கவிட்டார்கள். இப்போது எல்லா விசேசத்துக்கும் அழைக்கிறார்கள், பல்பை அவரே கொண்டுவருகிறார். அன்று பெருநாளுக்குப் பிறகு சிசிலியா அந்தச் சட்டையைத் தோய்த்து, அயர்ன் போட்டு மடித்து வைத்தாள். அவருடைய வாசலைப் பார்க்க இப்போது அவள் நிற்பதில்லை.

நிறுத்தினால் மறுபடி எரியாதோ என்ற பயத்தில் கொன்ஸ்ரன்ரைன் அந்தப் பல்பை இரவும் பகலும் அணைப்பதில்லை. விடியமுன் கடலுக்குப் போகிறவர்கள் அதைக் கண்டால், நீக்கிலாஸ்ர லைற் எரியுது என்று சொல்லிக்கொண்டு படகைத் தள்ளுகிறார்கள். மீற்றர் பார்க்க வருகிற றெனால்ட் இப்போது பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை, படலையில் நின்றே எழுதிவிடுகிறான்: முப்பது நாளுக்கு அந்தப் பல்ப் தின்னும் பதினெட்டு யூனிற். பெப்ரவரி மாதத்தில் மட்டும் பதினேழு.